முதுகுக்குப் பின்னால் எடுத்த படம்

என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட என் கண் திறந்திருக்காது. தாலி கட்டும்போது மூடியிருக்கிறது. மாலை மாற்றும்போது பாதி மூடி, மயக்கம் வந்தவள் மாதிரி நிற்கிறேன். பந்தியில் உட்கார்ந்திருக்கும் படத்தில் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புரட்டுகிறவர்கள் எல்லாம், "பொண்ணு தூங்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பக்கம் போவார்கள்.

எடுத்தவர் என் நாத்தனாரின் கணவர். திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். முறைக்கு நான் அவரை அண்ணன் என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன். அன்றைக்கு மேடையில் அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"தலைய தூக்கும்மா! தரையில இன்னா சினிமாவா ஓடுது?"

மண்டபமே சிரிக்கும். நான் இன்னும் குனிவேன். உடனே அவர் மேடையேறி வந்து இரண்டு விரலால் என் மோவாயைப் பிடித்துத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி வைத்துவிட்டுப் போவார். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிறவன் பிடிக்கிற மாதிரி. கையில் கேமரா இருந்தால் அது தொழில், யாரும் எதுவும் சொல்லக்கூடாது. என் அப்பா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அவரும் சிரித்தார்.

நான் யாருடனும் அதிகம் பேசமாட்டேன். அப்போதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். பேசாதவளுக்குக் கோபம் இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

என் கணவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். நான் விழுப்புரத்தில், ஜங்ஷனுக்குப் பின்பக்கத் தெருவில் மாமியாருடன் இருந்தேன். மகள் பிறந்த பிறகு அங்கிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே கேள்விதான் வரும்: போட்டோ எங்கே? ஒவ்வொரு தடவையும் திண்டிவனத்துக்காரர்தான் வருவார். ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு விரல். படம் கழுவி வந்தால் குழந்தை முழித்துக்கொண்டிருக்கும், நான் தூங்கிக்கொண்டிருப்பேன். "போட்டோவுக்கு நிக்கவும் தெரியல இவளுக்கு" என்பார் மாமியார்.

முதல் லீவில் வந்தபோது என் கணவரே கடன் வாங்கிய கேமராவில் என்னை எடுத்துப் பார்த்தார். அப்போதும் கண் மூடிக்கொண்டது.

"ஏன்டி இப்டி பண்ற? நான்தான எடுக்கறேன்?"

"வேணும்னேவா பண்றேன்? கேமராவுக்குப் பின்னாடி ஒரு ஆளு ஒத்தக் கண்ண இடுக்கிக்கினு நின்னா எனக்குத் தானா மூடிக்குது. ஆளே இல்லாத கேமரா இருந்தா சொல்லுங்க, முழிச்சிக்கினு நிக்கறேன்."

கிண்டலாகத்தான் சொன்னேன். அவர் அதை மனதில் வைத்திருந்தார். இரண்டாவது லீவில் வரும்போது, தானே ஃபிலிம் சுற்றிக்கொள்கிற ஒரு ஜப்பான் கேமராவும், அதனுடன் ஒரு சின்ன அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தார். பெட்டிக்குள் இரண்டு சாமான்கள். ஒன்று சோப்பு டப்பா அளவு, கையில் வைத்துக்கொள்வது, மேலே ஒரே ஒரு பட்டன். இன்னொன்று கேமராவின் தலையில் செருகுவது. அதிலிருந்து ஒரு சாண் ஒயர் வந்து கேமராவின் பக்கவாட்டில் மாட்டிக்கொள்ளும்.

"ஒயர் இல்லாத ரிமோட்டுன்னு சொல்ற, ஒயர் தொங்குதே?" என்று மாமியார் கேட்டார்.

"அது பெட்டிக்கும் கேமராவுக்கும்மா. என் கைக்கும் பெட்டிக்கும்தான் ஒயர் இல்ல. இங்கருந்து அமுக்குனா கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்ணு போய் அதுல படும். அது கேமராவ அமுக்கும். பக்கத்துல ஆளே வேணாம்."

ஆளே வேண்டாம் என்றபோது அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்காக ஒருத்தர் ஒரு கடையில் நின்று, இது வேண்டும் என்று கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. மூன்று பேரும் சேர்ந்து ஒரு படம், வேறு யாரும் அறையில் இல்லாமல். அந்த ஒரு படத்தை அவர் மஸ்கட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் வைத்து மாமியார் சூடம் காட்டினார். சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, கேமராவுக்கு ஒரு பொட்டு, ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் மூன்று பொட்டு, அட்டைப்பெட்டிக்குக்கூட ஒரு பொட்டு. லென்ஸை நோக்கி விரல் போனதும் என் கணவர் கத்தினார்.

"அம்மா, அந்தக் கண்ணாடில வச்சிடாத! அதுதான் அதுக்குக் கண்ணு!"

"தெரியும்டா, கண்ணுலயா வைப்பாங்க?" என்று சொல்லிவிட்டு அவர் வேறு இடம் பார்த்து வைத்தார். அதை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டில் டிவி, மிக்ஸி, பீரோ, சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. பொட்டு இருப்பது கண்ணில் படாது, இல்லாவிட்டால்தான் படும்.

மறுநாள் காலையில் முன்னறையில் ஜன்னலைத் திறந்து வைத்து, பெஞ்சைப் போட்டு, மூன்று பேரும் உட்கார்ந்தோம். எதிரே ஸ்டாண்டில் கேமரா மட்டும். அதற்குப் பின்னால் வெறும் சுவர். என் கண் திறந்துதான் இருந்தது, எனக்கே தெரிந்தது. அவர் பட்டனை அமுக்கினார். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை. கையை நீட்டி, எழுந்து நின்று, பக்கத்தில் போய், எல்லா விதமாகவும் அமுக்கினார். கேமரா கல்லு மாதிரி நின்றது.

செல்லைக் கழற்றித் துடைத்துப் போட்டார். புது பென் டார்ச் செல் வாங்கிவந்து போட்டார். இரண்டு பெட்டியிலும் ஒன்று, இரண்டு என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது, அதை இரண்டிலும் ஒரே பக்கம் தள்ளினார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். கூடவே வந்த தாளில் ஜப்பானும் இங்கிலீஷும் இருந்தது. நான் பத்தாவது, அவர் ஐடிஐ. இருவரும் தலைகீழாகப் பிடிக்காத குறையாகப் படித்தோம். கேமராவைக் கையால் அமுக்கினால் வேலை செய்தது. பெட்டியால்தான் முடியவில்லை.

கேமராவில் சில நொடி கழித்துத் தானாக எடுக்கிற வசதி இருந்தது. அவர் அதைத் திருப்பிவிட்டு ஓடிவந்து உட்காருவதற்குள், அப்பா எங்கேயோ போகிறார் என்று மகளும் என் மடியிலிருந்து இறங்கி அவர் பின்னால் ஓடுவாள். அவர் திரும்பி வருவார், அவள் கேமராவிடம் நிற்பாள். ஒன்றில் அவள் முதுகு, ஒன்றில் என் கை, ஒன்றில் அவர் தலை இல்லாத வேட்டி. நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், மாமியார் வாயைத் திறக்கும்வரை.

"இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? மாப்ளைக்கு ஒரு போன் போடு. ஒரு பஸ் ஏறுனா வந்துருவாரு."

"வேணாம் அத்த."

"ஏன் வேணாம்? சொந்தத்துல போட்டோக்காரன வச்சிக்கினு பெட்டிய நோண்டிக்கினு கெடக்கணுமா?"

நான் என் கணவரைப் பார்த்தேன். "ரிப்பேர் பாக்கத்தான் வரட்டுமே" என்றார். லீவு முடிய நாலைந்து நாள்தான் இருந்தது.

திண்டிவனத்துக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பேக், வாசலிலேயே சத்தம்.

"இன்னா மச்சான், ஒயர் இல்லாம படம் எடுக்கறியாமே? நாளைக்கு ஃபிலிம் இல்லாமலும் எடுப்ப போலருக்கே!"

செல்லைக் கழற்றி நாக்கில் வைத்துப் பார்த்தார். பெட்டியைத் தட்டினார், காதில் வைத்து ஆட்டினார். மாமியார் காப்பி கொடுத்தார்.

"மஸ்கட்ல ஓடுச்சா?"

"கடையில போட்டுக் காமிச்சான் மாமா. நல்லா ஓடுச்சு."

"அங்க ஓடும். இங்க ஜங்ஷன் பக்கத்துல வீட்ட வச்சிக்கினு ஒயர்லெஸ் ஓடணும்னா? ரயில்வேக்காரன் ஒயர்லெஸ், போலீஸ்காரன் ஒயர்லெஸ், எல்லாம் உன் தலைக்கு மேல போய்க்கினு இருக்குது. அதுல இந்த சோப்பு டப்பா இன்னா பண்ணும்? விடு. நான் நின்னு ஜல்தியா நாலு எடுத்துட்டுப் போறேன்."

"வேணாங்கண்ணே" என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்தார்.

"பாத்தியா மச்சான்? தங்கச்சி வாயைத் தொறந்தா நமக்கு ஆப்புதான்."

அப்படியே பேசிக்கொண்டு கேமராவிடம் குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. பிறகு குரல் மாறிவிட்டது, நல்ல பிள்ளை மாதிரி.

"சரிம்மா, நான் எடுக்கல. நீங்க மூணு பேரும் உக்காருங்க. ஃபோகஸ் மட்டும் வச்சிட்டுப் போயிடறேன். அப்புறம் நீங்களே எதனா பண்ணிக்குங்க."

உட்கார்ந்தோம். கேமராவைச் சரிசெய்தார். கைப்பெட்டியைக் கேட்டார். "இத இன்னொரு வாட்டி பாக்கறேன். அத்த, தண்ணி குடுங்க" என்று எங்களைத் தாண்டி எங்கள் முதுகுப் பக்கம் இருந்த சமையலறைக்குப் போய்விட்டார்.

எதிரே யாரும் இல்லை. பெட்டி வேலை செய்யாது, கேமரா சும்மா நிற்கிறது. எனக்கு உடம்பு இளகியது. மகள் அவள் அப்பாவின் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் அரபியில் ஏதோ திட்டினார், அவள் அதை அப்படியே திருப்பிச் சொன்னாள், மழலையில் அது எங்கள் தெருவில் ஒரு ஆளின் பட்டப்பெயர் மாதிரி வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பல் தெரிய, தலையை நிமிர்த்தி.

ஜீக் என்று ஒரு சத்தம். கேமரா தானே ஃபிலிமைச் சுற்றிக்கொண்டது.

முதுகுக்குப் பின்னால் கைதட்டல். சமையலறை வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர்ச் சொம்பு தரையில், அக்குளில் அந்தப் பெட்டி.

"எடுத்தாச்சு! எத்தன வருசம் ஆச்சு, இன்னிக்குத்தான் மாட்டுச்சு!"

"ஓடுதா மாமா? எப்டி?"

"எப்டியா? உங்கம்மாவ கேளு. கேமரா கண்ணுல வைக்காதன்னா, அது தலையில இருக்குற பெட்டிக்கும் ஒரு கண்ணு இருக்குது பாரு, கருஞ்செவப்பா, நகம் அளவு, அதுமேல சந்தனத்த அப்பி குங்குமத்த வச்சிருக்காங்க. அதுக்கு இன்னா தெரியும்? கட்டைவிரலால தொடச்சேன், அவ்ளோதான்."

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஐயய்யோ, நெத்தி மாதிரி இருந்துச்சு, எடம் விட்ட மாதிரி இருந்துச்சு, வச்சேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர்தான் அதிகம் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, தொடையைத் தட்டிக்கொண்டு. அந்தச் சிரிப்பை நான் அவருக்கு இன்றுவரை மன்னிக்கவில்லை. பொட்டைத் துடைத்ததும் சொல்லியிருக்கலாம். "சரியாயிடுச்சு, இந்தா" என்று பெட்டியை எங்கள் கையில் கொடுத்திருக்கலாம். கொடுக்காமல் எடுத்துப்போய், நான் பார்க்க முடியாத இடத்தில் நின்று, நான் சிரிக்கும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து அமுக்கினார். யாரும் இல்லை என்று நான் நம்பியதைத்தான் அவர் படம் எடுத்தார். ஆளே வேண்டாம் என்பதற்காகவே வாங்கிவந்த சாமானை வைத்து.

இதை அன்றைக்கு இப்படிச் சொல்ல எனக்கு வரவில்லை. "அதக் குடுங்க" என்று மட்டும் சொன்னேன். கொடுத்தார். அவரை வெளியே அனுப்பச் சொன்னேன். "தங்கச்சிக்குக் கோவம்டா" என்று அவர் சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனார். மீதி ஃபிலிமை நானே அமுக்கினேன்.

ஃபிலிம் அவரிடம்தான் போனது, கலர் என்றால் அவர் வழியாகத்தான் மெட்ராஸ் லேபுக்குப் போகும். என் கணவர் கிளம்புவதற்கு முந்தின நாள் படங்கள் வந்தன. நான் அமுக்கியவை எல்லாவற்றிலும் என் கண் நன்றாகத் திறந்திருந்தது. முழித்து, நேராக, யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி.

"இத எடுத்துக்கினு போங்க" என்று அதில் ஒன்றைக் கொடுத்தேன்.

"இதுல நீ சண்டைக்கு நிக்கற மாதிரி இருக்குற. ரூமுல மாட்டுனா பசங்க பயந்துருவானுங்க" என்றார். சிரிக்கிற படத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டார். வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பிடித்தது. அது நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் வயிறு எரிந்தது.

அவர் மஸ்கட் போய்ச் சில மாதம் கழித்து, மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். திண்டிவனத்தில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். வழக்கமாக ஸ்டுடியோவுக்கு எதிர்ப்பக்கம் நடந்துவிடுவேன். அன்றைக்கு அந்தப் பக்கம் பள்ளம் தோண்டியிருந்தார்கள்.

"அம்மா, நீ!" என்று மகள் கையை நீட்டினாள்.

ஸ்டுடியோ வாசலில் கண்ணாடி ஷோகேஸ். நடுவில், காலண்டர் அளவில், பித்தளை நிறச் சட்டம் போட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நான். கழுத்து வரைக்கும் பெரிதாக்கி, மற்றதை வெட்டியிருந்தார்கள். தோள்பட்டையில் என் கணவரின் சட்டை ஒரு நீலக் கோடாக மட்டும் இருந்தது.

"நான் எங்கம்மா?" என்று மகள் கேட்டாள்.

நான் உள்ளே போனேன். அவர் கல்லாவில் உட்கார்ந்து கத்தரியால் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தார்.

"வாம்மா தங்கச்சி! பாத்தியா, உன்ன ஸ்டார் ஆக்கிட்டேன். பாக்கறவன் எல்லாம் யாரு யாருன்னு கேக்கறான்."

"எடுங்கண்ணே."

"எதை?"

"வெளிய இருக்கறத."

"அட, நல்லா இருக்குதுன்னுதான வச்சேன். அழகா இல்லன்னா வைப்பனா? உங்க வீட்டுக்காரருக்கே சொன்னேன், சிரிச்சாரு."

"அவுரு சிரிப்பாரு. நீங்க எடுங்க."

"சாவி வீட்ல இருக்குது. நாளைக்கு எடுத்துடறேன். நீ பஸ்ஸுக்குப் போ."

நான் வெளியே வந்தேன். ஷோகேஸுக்குக் கீழே, செருப்பு விடுகிறவர்கள் உட்கார ஒரு மர ஸ்டூல் இருந்தது. மகளை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே அந்தப் படம். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை, துடைத்தால் அழுகிறேன் என்று நினைப்பார்கள்.

தெருவில் போகிறவர்கள் படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். படம் எடுக்க வந்த இரண்டு பையன்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். "டேய், இவங்கதான்டா அது" என்று ஒருவன் சொன்னது நன்றாகக் கேட்டது. பக்கத்து டீக்கடைக்காரர், "இன்னா, மச்சினிச்சி வாசல்ல உக்காந்துட்டாங்க?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மச்சினிச்சி இல்லய்யா, தங்கச்சி மொற" என்று அவர் வெளியே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னாம்மா இது? உள்ள வந்து உக்காரு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்ணே. அதுக்குத்தான மாட்டி வச்சிருக்கீங்க."

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை. அவர் உள்ளே போனார். வீட்டில் இருந்த சாவி மேஜை டிராயரில் இருந்து வந்தது. கண்ணாடியைத் திறந்து சட்டத்தை எடுத்து என் கையில் திணித்தார்.

"இந்தா. எடுத்துக்கினு போ."

"நெகடிவ்?"

"நெகடிவ் குடுக்கறது ஸ்டுடியோவுல வழக்கம் இல்ல."

"ஃபிலிம் எங்களுது. கேமரா எங்களுது. அமுக்குன பெட்டியும் எங்களுது."

"அமுக்குனது நானும்மா!"

"அதான்ணே கேக்கறேன்."

திரும்ப ஸ்டூலில் உட்கார்ந்தேன். பஸ் இரண்டு போயிற்று. மகள் பசிக்கிறது என்றாள், டீக்கடைக்காரர் ஒரு பன் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். கடைசியில் அவர் ஸ்டுடியோவுக்குள்ளிருந்து ஒரு துண்டு நெகடிவைக் கொண்டுவந்து நீட்டினார். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். யாரோ ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு.

"இது இல்ல."

இன்னொன்று வந்தது. அதில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். புடவை முனையில் முடிந்துகொண்டு அடுத்த பஸ் ஏறினேன். பெரிய படத்தை அம்மா வீட்டு விறகு அடுப்பில் வைத்தேன். சட்டம் மட்டும் எரிய நேரமாயிற்று.

அதன்பிறகு நடந்தது எல்லாம் எதிர்பார்த்ததுதான். நாத்தனார் வந்து அழுதார், கடைவாசலில் வைத்துத் தன் கணவரை அவமானப்படுத்திவிட்டேனாம். மாமியார் என்னிடம் பேசுவதை நிறுத்தினார். மஸ்கட்டில் இருந்து, "நீதான் சின்னவ, ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுடு" என்று கடிதம் வந்தது. கேட்கவில்லை. கேட்க என்னிடம் எதுவும் இல்லை.

மகளுக்குக் காது குத்தியபோது திண்டிவனத்துக்காரர் படம் எடுக்க வரவில்லை. வந்த சொந்தக்காரர்கள் எல்லாம், வீட்டில் போட்டோக்காரர் இருந்தும் இப்படி ஆகிவிட்டதே, எல்லாம் யாரால் என்று என் காதுபடப் பேசினார்கள். என்னால்தான். அன்றைக்கு ஸ்டாண்டில் கேமராவை நான் வைத்தேன். பெட்டி என் கையில் இருந்தது. மகள் கத்தினாள், ஆசாரி சிரித்தார், நான் அமுக்கினேன்.